பார்டரில் பங்க் இருக்கும் என்று நம்பி தான்சானியாவில் 171 கிலோமீட்டர்

போன நவம்பர் கடைசி வாரத்தில், தான்சானியாவின் மேற்கு ஓரத்தில், இரண்டு பேராக ஒரே பைக்கில் 171 கிலோமீட்டர் போனோம். ஊர் சுற்றப் போகவில்லை. காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு சுகாதார நிலையத்தின் தண்ணீர் மோட்டாரைச் சரி செய்யப் போனோம். வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்கு போர்வெல் வேலைக்கு வர நினைக்கும் தம்பிகள் நிறையப் பேர் எனக்கு மெசேஜ் போட்டு, "ரோடு எப்டிணா, பைக்ல போவலாமா" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. ஆகவே இந்தப் பதிவு. இதில் என் முட்டாள்தனமும் சேர்ந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் புதுச்சேரியில் சுத்துக்கேணி. பதினெட்டு வருடமாக மோட்டார், பம்ப், பேனல் வேலை. தான்சானியாவில் ம்பாண்டா என்ற ஊரில் ஒரு போர்வெல் கம்பெனியின் கேம்பில் இரண்டாவது வருடம். கூட வந்தவன் அந்தோணி, வில்லியனூர் பக்கம். எலக்ட்ரீஷியன், வயது முப்பத்து நான்கு. இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது, உள்ளூர் சுவாஹிலி மொழியை நம்ம ஊர் ஸ்பீடிலேயே பேசுவான். எனக்கு அந்த மொழியில் தெரிந்தது வணக்கம், நன்றி, சோறு, தண்ணீர் ஆகிய நான்கு மட்டும்தான். இந்தப் பதிவில் உள்ளூர்க்காரர்கள் பேசுவதெல்லாம் அந்தோணி எனக்குச் சொன்ன தமிழ்தான்.

விஷயம் இதுதான். அந்தச் சுகாதார நிலையத்தில் எங்கள் கம்பெனி போட்ட சோலார் பம்ப் ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இடி விழுந்து கண்ட்ரோலர் பெட்டி கருகிவிட்டது. அங்கே இருக்கும் ஒரே நர்ஸ் ரெஹெமா. மூன்று கட்டில், ஒரு பிரசவ அறை. சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு கிராமத்துக்கு அதுதான் ஆஸ்பத்திரி. தண்ணீர் நின்றதும், பிரசவத்துக்கு வரும் பெண்களை ஆளுக்கு இரண்டு வாளித் தண்ணீரோடு வரச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை போன் செய்தவர், "நாளை சாயந்திரத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்றால் பிரசவ அறையைப் பூட்டிவிடுவேன், கழுவாத அறையில் நான் குழந்தை எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பூட்டினால் அடுத்த ஆஸ்பத்திரி அங்கிருந்து இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர்.

லாரி போக முடியாது. வழியில் ஒரு சிறுபாலம் மழையில் உட்கார்ந்துவிட்டது. புதுக் கண்ட்ரோலர் பெட்டி ஐந்து கிலோ எடைதான் இருக்கும், கிணற்றுக்குள்ளிருந்து மோட்டாரைத் தூக்க வேண்டிய வேலையும் இல்லை. பைக்கில் போனால் ஒரே நாளில் முடிகிற காரியம். சனிக்கிழமை காலை 6.10க்குக் கிளம்பினோம்.

வண்டி, ஓசூரில் செய்த 150 சிசி. அங்கே இதற்கு பிக்கிபிக்கி என்று பெயர். நம்ம ஊரில் இந்த மாடலைப் பால்காரர்தான் வைத்திருப்பார். அங்கே இதில்தான் ஆடு போகும், கட்டில் போகும், கல்யாணப் பெண் போகும். பின்னால் கேரியரில் கண்ட்ரோலர் பெட்டியை என் லுங்கி இரண்டில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு, ரப்பர் டியூபால் இறுக்கிக் கட்டினோம். டூல்ஸ் பை என் முதுகில். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பாக்கெட் பிஸ்கட், ஒரு ஸ்பேர் டியூப், ஒரு காற்றுப் பம்ப்.

இனி என் முட்டாள்தனத்தின் முதல் பாகம். ஊர் எல்லையில் இருந்த பங்கில் அந்தோணி வண்டியை நிறுத்தினான். டேங்கில் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. "ஃபுல் பண்ணிக்கலாம்ணா" என்றான்.

நான் போனை எடுத்தேன். அந்த நாட்டில் பெட்ரோல் விலை மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். போகிற வழியில் ஒரு மாகாணம் முடிந்து அடுத்த மாகாணம் வருகிறது. அங்கே லிட்டருக்கு நாற்பது ஷில்லிங் குறைவு என்று போட்டிருந்தது.

"ஐயாயிரத்துக்கு மட்டும் போடு. மிச்சத்த பார்டர் தாண்டிப் போட்டுக்கலாம்" என்றேன்.

"பார்டர்ல பங்க் இருக்குதான்னு தெரிலயேண்ணா. நான் அந்தப் பக்கம் போனதே இல்ல."

"பார்டர்ல பங்க் இல்லாம பின்ன எங்கடா இருக்கும்?"

இதை வேறு எந்த ஊர்க்காரனும் சொல்லியிருக்க மாட்டான். நம்ம ஊர் ஆட்கள் யோசித்துப் பாருங்கள். சுத்துக்கேணியிலிருந்து பாகூர் போவதற்குள் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வரும், தமிழ்நாடு முடிந்து திரும்பப் புதுச்சேரி வரும். நம்ம புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு, அதனால் எங்கே நம்ம எல்லை தொடங்குகிறதோ அங்கே வரிசையாக நாலு பங்க் நிற்கும். திருக்கனூர் பக்கம் பாருங்கள், மதகடிப்பட்டைப் பாருங்கள், கன்னியக்கோயிலைப் பாருங்கள். கடலூர்க்காரன் டேங்கை வழித்துக்கொண்டு வந்து கன்னியக்கோயிலில் நிரப்பிக்கொண்டு போவான். நாமும் வண்டி விக்கினாலும் பரவாயில்லை என்று தமிழ்நாட்டுப் பங்கைத் தாண்டி உருட்டிக்கொண்டாவது வந்து நம்ம பங்கில்தான் போடுவோம். எல்லை என்றால் பங்க் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். ஐயாயிரம் ஷில்லிங்குக்கு ஒன்றரை லிட்டருக்கும் கொஞ்சம் கூட வந்தது. ஃபுல் டேங்க் போடாமல் விட்டதில் நான் பிடிக்க நினைத்த மிச்சம், நம்ம காசுக்கு ஏறக்குறைய ஒன்பது ரூபாய்.

முதல் 52 கிலோமீட்டர் தார் ரோடு. சும்மா சொல்லக் கூடாது, நம்ம வில்லியனூர் பைபாஸை விட நன்றாக இருந்தது. 7.05க்கு தார் முடிந்தது. அதற்குப் பிறகு செம்மண். காய்ந்த இடத்தில் பலகை மாதிரி வரி வரியாக இருக்கும், பல் கிடுகிடுக்கும். நனைந்த இடத்தில் எண்ணெய் தடவிய தரை. இருபுறமும் காடு. பெரிய மரங்கள் அடர்ந்த இருட்டுக் காடு என்று கற்பனை செய்யாதீர்கள். ஒரே உயரத்தில், இடைவெளி விட்டு, சலிக்காமல் வந்துகொண்டே இருக்கும் மரங்கள். அரை மணி நேரம் பார்க்கலாம். பிறகு கண் தானாகவே ரோட்டுக்கு வந்துவிடும்.

7.35க்கு 61வது கிலோமீட்டரில் ஒரு சின்னக் கடைத்தெரு. ஏழெட்டுக் கடை. டீயும் இரண்டு சப்பாத்தியும், ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ஷில்லிங், அதாவது ஐம்பது ரூபாய். சப்பாத்தி நம்ம பரோட்டாவுக்கு ஒன்று விட்ட தம்பி, எண்ணெயில் மின்னும். கடைக்கு எதிரே ஒரு பெண் மேஜை போட்டு, பழைய தண்ணீர் பாட்டில்களில் பெட்ரோல் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு லிட்டர் மூவாயிரத்து ஐந்நூறு.

"ரெண்டு பாட்டில் ஊத்திக்கலாம்ணா" என்றான் அந்தோணி மறுபடியும்.

"பாட்டில் பெட்ரோலா? இன்னாத்த கலந்து வச்சிருக்கோ. வண்டி நின்னுச்சினா நீ தள்ளுவியா?"

அவன் வாய் துடைத்துக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினான். எனக்கு அவனைவிட ஏழு வயது கூட. அந்த ஏழு வருடத்துக்காக அவன் கொடுத்த மரியாதை அது. இப்போது நினைத்தால் அவன் என்னைத் திட்டியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

74வது கிலோமீட்டரில் உட்கார்ந்துபோன சிறுபாலம். நடுவில் பத்தடி அகலத்துக்கு ரோடே இல்லை, கீழே இடுப்பளவு தண்ணீர். இந்த மாதிரி இடத்தில் பக்கத்து ஊர் ஆட்கள் அதையே தொழிலாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாலு பேர் இரண்டு கழிகளை வண்டிக்கு அடியில் செருகி, சாமி பல்லக்குத் தூக்குவதுபோல் தூக்கி அக்கரையில் வைத்தார்கள். ஐயாயிரம் ஷில்லிங். பேரம் பேசினேன், நாலாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். கண்ட்ரோலர் பெட்டியை மட்டும் அவர்களிடம் கொடுக்காமல் நானே தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். பெட்டி நனையவில்லை. நான் கழுத்து வரை நனைந்தேன், அது வேறு கதை. இதில் முக்கால் மணி நேரம் போனது.

அதன் பிறகுதான் ஈ. ட்செட்சே என்ற ஈயைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நம்ம மாட்டு ஈ போல இருக்கும், ஆனால் பேண்ட் துணியைத் தாண்டிக் கடிக்கும். வண்டி நாற்பதில் போனாலும் கூடவே பறந்து வரும். நீல நிறமும் கருப்பும் அதற்குப் பிடிக்கும் என்று அந்தோணி முன்கூட்டியே சொல்லியிருந்தான். நான் போட்டிருந்தது கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. அவன் போட்டிருந்தது வெளுத்த காக்கி. தொடர்ந்து இருபது கிலோமீட்டர் நான் என் முதுகை நானே அறைந்துகொண்டு வந்தேன். அவன் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

வழியில் இரண்டு முறை சேற்றில் விழுந்தோம். அடி ஒன்றும் இல்லை. ஆனால் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமே உறுமிக்கொண்டு போனதால் பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது என்று நான் கவனிக்கவில்லை. கேம்பில் லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டி, இரண்டு பேரையும் சுமையையும் வைத்துக்கொண்டு சேற்றில் 30கூடக் கொடுக்கவில்லை.

11.20க்கு 104வது கிலோமீட்டரில் பார்டர் வந்தது. நான் தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தேன். ஒரு பலகை, அதில் அடுத்த மாகாணத்தின் பெயர், நல்வரவு. பலகைக்குக் கீழே ரோட்டுக்குக் குறுக்காக ஒரு மூங்கில் தடுப்பு. காட்டு மரம் கடத்தாமல் பார்க்கிற செக்போஸ்ட். ஓலைப் பந்தலில் ஒரு காவலாளி, பக்கத்தில் ஒரு ரேடியோ. அவ்வளவுதான். பங்க் இல்லை, கடை இல்லை, ஒரு வீடுகூட இல்லை. முன்னால் என்ன மரமோ அதே மரம்தான் பலகைக்கு அந்தப் பக்கமும்.

அந்தோணி காவலாளியிடம் பேசிவிட்டு வந்தான். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா சொல்றாரு?"

"அடுத்த பங்க் எங்கன்னு கேட்டேன். நீங்க வந்த வழியில தான் இருக்குதுன்றாரு."

திரும்பிப் போக முடியாது. கடைத்தெரு 43 கிலோமீட்டர் பின்னால், நடுவில் பாலம் வேறு. முன்னால் 67 கிலோமீட்டர். நர்ஸ் ரெஹெமா சாயந்திரம் அறையைப் பூட்டுவார். நான் டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிப் பார்த்தேன். அடியில் சலசலத்தது. வழியில் எந்த ஊரிலாவது பாட்டில் பெட்ரோல் கிடைக்கும் என்று கிளம்பினோம். இப்போது பாட்டில் பெட்ரோல் என்றால் எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

கிடைக்கவில்லை. 12.10க்கு 127வது கிலோமீட்டரில் வண்டி இரண்டு முறை இருமி நின்றது. ரிசர்வும் முடிந்தது. போனில் சிக்னல் இல்லை. அந்தோணி ஸ்டாண்டைப் போட்டான், ஹெல்மெட்டைக் கழற்றினான், என்னைப் பார்த்தான்.

"தள்ளுவோமாண்ணா?"

அவ்வளவுதான் கேட்டான். மூன்று கிலோமீட்டர் தள்ளினோம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நவம்பர் வெயில், மழைக்கு நடுவில் அடிக்கிற வெயில், நம்ம ஐப்பசி வெயில் மாதிரியே முதுகில் உறைக்கும். என் பங்குத் தண்ணீர் முடிந்து அவன் தண்ணீரையும் குடித்தேன்.

130வது கிலோமீட்டரில் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு ஊர். மூன்றாவது வீட்டு வாசலில் எங்கள் வண்டியைப் போலவே ஒரு பைக் நின்றது, கொஞ்சம் சின்னது, 125. வீட்டுக்காரர் பெயர் ஜுமா, முப்பது வயது இருக்கும். பக்கத்தில் மாமரத்து நிழலில் பாய் போட்டு அவர் மனைவி ஹலிமா உட்கார்ந்து முறத்தில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிறைமாதம். பார்த்தாலே தெரிந்தது.

அந்தோணி பெட்ரோல் கேட்டான். ஜுமா தலையாட்டி மறுத்தார். அந்த ஊரில் இருப்பது அந்த ஒரு வண்டி. டேங்கில் இருப்பது இரண்டு லிட்டருக்குள். அது ஹலிமாவுக்காக வைத்திருப்பது. வலி எடுத்தால் 41 கிலோமீட்டர் தாண்டி ரெஹெமாவிடம் கூட்டிப் போக வேண்டும். அடுத்த பெட்ரோல் வாங்க அவரும் அங்கேதான் போக வேண்டும்.

நான் பணத்தை எடுத்தேன். லிட்டருக்குப் பத்தாயிரம் ஷில்லிங் தருவதாகச் சொல்லச் சொன்னேன். அந்தோணி சொன்னதும் ஜுமா ஏதோ பதில் சொன்னார். அந்தோணி தரையைப் பார்த்துக்கொண்டான்.

"இன்னா சொன்னாரு?"

"இந்த நோட்ட டேங்க்ல ஊத்தினா வண்டி ஓடுமான்னு கேக்கறாரு."

நியாயமான கேள்வி. நான் நோட்டை மடித்து உள்ளே வைத்தேன். அப்போது ஹலிமா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நாங்கள் எங்கே போகிறோம் என்று அந்தோணியைக் கேட்டார். அவன் கேரியரில் இருந்த லுங்கி மூட்டையைக் காட்டினான், மோட்டார் என்றான், ரெஹெமா பெயரைச் சொன்னான். அவர் உடனே புருஷன் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார். ஜுமா எதிர்த்து ஏதோ சொன்னார். ஹலிமா குரலை உயர்த்தவில்லை, விரலால் வீட்டு வாசலைக் காட்டினார். அங்கே மூடி போட்ட மஞ்சள் கேன் இரண்டு, நிறைத்த தண்ணீரோடு தயாராக இருந்தன.

அந்தோணி எனக்கு மெதுவாகச் சொன்னான். "பெட்ரோலு இருந்து நான் அங்க போயி, தண்ணி இல்லன்னு ரூம பூட்டிட்டாங்கன்னா இன்னா பண்ணுவ? இவங்க போனாத்தான தண்ணி வரும், குடுத்து அனுப்புன்றாங்க."

ஜுமா எழுந்து போய் ஒரு ரப்பர் குழாயோடு வந்தார். வாயால் உறிஞ்சி, ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்றை நிரப்பினார். அவர் டேங்கில் மிச்சம் கால் லிட்டர் இருக்கலாம். பணம் வாங்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. பெட்ரோலுக்குப் பெட்ரோல், இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டு வர வேண்டும்.

"அஞ்சு மணிக்குக் கெளம்பி வந்துடுவோம்னு சொல்லு" என்றேன் நான். அந்தோணி சொன்னான். ஹலிமா என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி பீன்ஸ் பொறுக்க ஆரம்பித்தார்.

2.00க்குக் கிளம்பினோம். 41 கிலோமீட்டரை 85 நிமிடத்தில் கடந்தோம். நான் ஓட்டினேன். அந்தோணி பின்னாலிருந்து "மெதுவாண்ணா" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 3.25க்குச் சுகாதார நிலையம். மீட்டர் 171.

ரெஹெமா வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயது, குட்டையாக, வெள்ளைக் கோட்டுக்குக் கீழே ரப்பர் செருப்பு. கையில் பூட்டு இருந்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே பூட்டும் சாவியும் கையில் இருந்தன. எங்களுக்கு வணக்கம் சொல்வதற்கு முன் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

வேலையில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. பழைய பெட்டியைக் கழற்றினோம், உள்ளே கரி. ஒயர் வரும் பைப்புக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது, அதைக் குத்தி எடுக்க இருபது நிமிடம். எர்த் கம்பியை நன்றாக ஆழமாக அடித்தோம். 4.30க்கு ஸ்விட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடவில்லை. வானத்தைப் பார்த்தேன், ஒரு பெரிய மேகம் சூரியன் மேல் உட்கார்ந்திருந்தது. சோலார் பம்புக்கு வெயில்தான் எல்லாம். ரெஹெமா ஒரு தடவை மேகத்தைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். நானே மேகத்தைக் கொண்டு வந்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை. பதினைந்து நிமிடம் கழித்து மேகம் விலகியது. கீழே மோட்டார் முனகியது. பைப்பில் முதலில் காற்று, பிறகு செங்கல் நிறத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். ரெஹெமா கையை நீட்டிப் பிடித்து, முகத்தில் அடித்துக்கொண்டார். பூட்டைக் கோட்டுப் பையில் போட்டார்.

அப்போது மணி 4.50. எனக்கு அப்பாடா என்று இருந்தது. வந்த வேலை முடிந்தது, நானும் முடிந்தேன். பக்கத்துக் கடையில் அந்தோணி நாலு பாட்டில் பெட்ரோல் வாங்கி, இரண்டை எங்கள் டேங்கில் ஊற்றி, இரண்டைப் பையில் வைத்துவிட்டு வந்தான். பாட்டில் நாலாயிரம். நான் பேரம் பற்றிக் கேட்கவில்லை.

ரெஹெமா சாப்பிடக் கூப்பிட்டார். மக்காச்சோள மாவில் கிளறிய உகாலி, நம்ம கேழ்வரகுக் களியை வெள்ளையாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. தொட்டுக்கொள்ள ஏரிக் கருவாட்டுக் குழம்பு, தக்காளி போட்டு. நம்ம நல்லவாட்டுக் கடற்கரையில் வாங்குகிற நெத்திலிக் கருவாட்டுக்கு அது கொஞ்சமும் குறையில்லை. காலையில் தின்ற இரண்டு சப்பாத்தி எப்போதோ கரைந்துவிட்டது. நான் உட்கார்ந்தேன்.

அந்தோணி உட்காரவில்லை. "அஞ்சு மணின்னு சொல்லிட்டு வந்தோம்ணா" என்றான்.

"தண்ணி டேங்க் ரொம்புறத ஒரு வாட்டி பாத்துட்டு போலாம்டா. திரும்ப நின்னுச்சினா? ஒரு வாய் சாப்டு."

"டேங்க்க நர்ஸம்மா பாத்துப்பாங்க. அஞ்சு மணின்னு சொன்னது நீதான்ணா."

"இருட்டறதுக்கு ஏழு மணி ஆவும். பத்து நிமிஷம்பா."

பத்து நிமிடம் ஐம்பது நிமிடமானது. இரண்டாவது உருண்டை வாங்கினேன். கை கழுவக் குழாயைத் திறந்து, நான் கொண்டு வந்த தண்ணீரில் நானே கை கழுவுகிற பெருமையில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தோணி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான், ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. 5.50க்குக் கிளம்பினோம்.

6.35 இருக்கும். 22 கிலோமீட்டர் திரும்பி வந்திருந்தோம். வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஒரு மேட்டைத் தாண்டி இறங்கும்போது எதிரே ரோட்டில் ஒரு பைக் வந்தது. சத்தம் இல்லாமல் வந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. அந்தோணி பிரேக் போட்ட பிறகுதான் புரிந்தது.

ஜுமா தள்ளிக்கொண்டு வந்தார். ஹலிமா சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் புருஷன் தோளையும் பிடித்திருந்தார். பின்னால் அவருடைய தங்கை ஒரு கையால் அக்காவின் முதுகைத் தாங்கியபடி, தலையில் துணி மூட்டையோடு நடந்து வந்தார். பெட்ரோலோடு நாங்கள் கிளம்பிப் போன ஒன்றரை மணி நேரத்திலேயே வலி கண்டுவிட்டது. டேங்கில் இருந்த கால் லிட்டர் ஒன்பது கிலோமீட்டர் இழுத்திருக்கிறது. பெட்ரோல் போதாது என்று வண்டியில் ஏறாத தங்கை பின்னால் ஓடியும் நடந்தும் வழியில் வந்து சேர்ந்திருக்கிறார். பெட்ரோல் தீர்ந்த பிறகு பத்து கிலோமீட்டர், அந்தச் சேற்றில், நிறைமாதப் பெண்ணை வைத்துத் தள்ளியிருக்கிறார் மனிதர். முட்டி வரை செம்மண், சட்டை பிழிந்தால் வடியும்.

நான் இறங்கினேன். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் என்னை ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் வண்டியைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அந்தோணி ஓடிப் போய் டேங்க் மூடியைத் திறந்து பாட்டிலைக் கவிழ்த்தான்.

ஹலிமா வலியில் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். அது தணிந்ததும் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மாஜி. எனக்குத் தெரிந்த நாலு சுவாஹிலி வார்த்தையில் அது ஒன்று. தண்ணீர்.

வந்துச்சா என்று கேட்கிறார். நான் தலையை ஆட்டினேன். தமிழிலேயே "வந்துச்சுமா, வந்துச்சு" என்று சொன்னேன்.

ஜுமா தள்ளித் தள்ளி ஓய்ந்துபோயிருந்தார், அதனால் அவர் வண்டியை அந்தோணி ஓட்டினான். நடுவில் ஹலிமா, பின்னால் அவரைப் பிடித்துக்கொண்டு தங்கை. என் பின்னால் ஜுமா. அவர்களுக்கு முன்னால் நான் பள்ளம் பார்த்துக் காட்டிக்கொண்டே போனேன். 7.40க்கு ரெஹெமாவின் வாசல். விடியற்காலையில் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். குழாயில் தண்ணீர் நிற்கவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்க என்னைக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், யாரும் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது.

காலையில் ஜுமாவிடம் அந்தோணி மூலமாக மன்னிப்புக் கேட்டேன். பெட்ரோல் தீர்ந்ததற்கு அவர் சிரித்தார், யாருக்கும் நடக்கிறதுதான் என்றார். சாப்பிட உட்கார்ந்ததைப் பற்றி நான் அந்தோணியிடம் சொல்லச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. அந்த ஐம்பது நிமிடத்தில் ஜுமா எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருப்பார் என்று கணக்குப் போட்டேன், மூன்றரை வருகிறது. அந்த மூன்றரையை வேறு யார் மேலும் போட முடியாது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை, முடிந்தால் ஜூன் முதல் செப்டம்பருக்குள் போங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி, சர்வதேச லைசென்ஸ், இரண்டும் ஊரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். நீலச் சட்டை வேண்டாம். ஸ்பேர் டியூப் ஒன்றல்ல, இரண்டு. தனியாகப் போகாதீர்கள், மொழி தெரிந்த ஆள் ஒருவர் கூட இருக்கட்டும், அந்த ஆள் சொல்வதைக் கேளுங்கள். எங்களுக்கு ஒரு வழிக்கு எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ஷில்லிங்கிற்குள், ஆயிரம் ரூபாய் ஆனது. பெட்ரோலைப் பார்க்கிற இடத்தில் எல்லாம் போடுங்கள், பங்கோ பாட்டிலோ. ஐந்து லிட்டர் கேன் ஒன்று தனியாக வண்டியில் இருக்கட்டும்.

வழியில் யாராவது தன் டேங்கிலிருந்து உங்களுக்கு எடுத்துக் கொடுத்தால், முதலில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பிறகு சாப்பிடுங்கள்.